அவள் பேசாத பேச்சு

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்னும் வந்து சேரவில்லை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு மைக், கிறீச்சிடும் மின்விசிறி, ஒரு காலுக்கு அட்டை முட்டுக்கொடுத்த மேசை. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் மைக் அக்கா என்று கூப்பிடப்போய், ஊருக்கே அவள் மைக் அக்காவாகிவிட்டாள். முகம் தெரியாதவர்களுக்கும் அந்தக் குரல் தெரியும். கடையில் நின்று அரைக் கிலோ வெங்காயம் கேட்டால், பக்கத்தில் நிற்பவர் திரும்பி, "நீங்கதானா அது?" என்பார். அவளுக்கு அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

சம்பளம் கொடுப்பது பேருந்து உரிமையாளர்கள் சங்கம் என்பதால், கட்சி வேலை பார்க்கத் தடை ஒன்றும் கிடையாது. தேர்தல் வந்துவிட்டால் மைக் அக்கா ஒலிபெருக்கி கட்டிய வேனில் ஏறிவிடுவாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில், நகர்மன்றத் தேர்தலில் நின்ற மாமனாருக்காகத்தான் முதன்முதலில் பேசினாள். மாமனார் எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடை வைத்திருந்தவர். கை நன்றாக ஓடும், வாய் ஓடாது. மேடையில் ஏறினால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. "எனக்கும் சேத்து நீ பேசிடும்மா" என்று சிரித்துக்கொண்டே வேனில் ஏற்றிவிட்டார். அவள் பேசினாள். அவர் ஜெயித்தார். அதற்குப் பிறகு வந்த எல்லாத் தேர்தலிலும் கட்சியின் குரல் அவளுடையதுதான். கட்சிக்கு ஓட்டுக் கேட்டதும் அந்தக் குரல், எதிர்க்கட்சியை வாங்கு வாங்கு என்று வாங்கியதும் அதே குரல். எழுதிக் கொடுத்ததை வாசிப்பாள், அதைப் பதிவுசெய்தும் வேனில் போடுவார்கள், அவ்வளவுதான். யாரைத் திட்டுகிறோம் என்று பெரிதாக யோசித்ததில்லை.

ஊரின் பிரச்சனை மழைநீர் வடிகால். மழை வலுத்தால் மேற்குத் தெருக்களிலும் கிழக்குத் தெருக்களிலும் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். வடிகாலை முதலில் எந்தப் பக்கம் தோண்டுவது என்பதில்தான் தகராறு. கிழக்கு, மாமனாருடைய கட்சியின் கோட்டை. மேற்கு, எதிர்க்கட்சியுடையது. மன்றத்தில் இரண்டு கட்சிக்கும் சரிபாதி ஆள். ஒருத்தர் தீர்மானம் கொண்டுவந்தால் மற்றவர் தோற்கடிப்பார். மூன்று மழைக்காலம் இப்படியே போயிற்று. இரண்டு பக்கத்து ஜனங்களும் கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டார்கள்.

எதிர்க்கட்சியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மன்ற உறுப்பினராக இருந்தார். அவருக்கும் ரத்த அழுத்தம், மாமனாருக்கும் ரத்த அழுத்தம், பார்ப்பது ஒரே டாக்டரை. டாக்டர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். அந்தக் காத்திருக்கும் பெஞ்சில்தான் பேச்சு தொடங்கியது. இந்த வருஷம் மேற்கு, அடுத்த வருஷம் கிழக்கு. அதை இப்போதே தீர்மானத்தில் எழுதி, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எல்லோரிடமும் வாத்தியார் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மாமனார் பங்குக்கு ஒரு ஓட்டு. சரிபாதி மன்றத்தில் ஒரு ஓட்டு போதும்.

வாத்தியார் சொன்னபடி கையெழுத்துகளை வாங்கிக் காட்டினார். ஓட்டெடுப்பு அன்று கட்சியின் உத்தரவை மீறி மாமனார் கை தூக்கினார்.

அவர் வீடு வந்து சேருவதற்குள் வாசலில் இருந்த கட்சிக் கொடியை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கம்பியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். மறுநாள் பெயர்ப்பலகையில் தார் பூசியிருந்தது. போன் அடிக்கும், எடுத்தால் பேச மாட்டார்கள், மூச்சு மட்டும் கேட்கும். தெருவில் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் திடீரென்று செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்கள். நம் தெரு தண்ணீரில் நிற்க, எதிர்க்கட்சிக்காரன் தெருவுக்குப் போய்க் கை தூக்கிவிட்டான் என்பதுதான் எல்லார் வாயிலும். அடுத்த வருஷம் கிழக்கு என்று தீர்மானத்தில் இருப்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. மாமனாருக்கும் வாய் வரவில்லை.

மைக் அக்காவின் கணவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலைகளைக் குத்தகைக்கு எடுப்பவன். கட்சியில் இளைஞர் அணியில் ஒரு சின்னப் பொறுப்பும் உண்டு. வேலை தருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்சிக்காரர்கள். அந்த வாரமே இரண்டு பேர் "அப்புறம் பாத்துக்கலாம்ப்பா" என்றுவிட்டார்கள். அப்பாவிடம் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவிடம் எதைப் பற்றியுமே பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவான்.

கட்சியின் நகரச் செயலாளர் பர்னிச்சர் கடை வைத்திருந்தார். அவளைக் கடைக்கு வரச் சொல்லி அனுப்பினார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் உட்காரச் சொன்னார். மாமனாருக்கு எதிராக மாத முடிவில் கண்டனக் கூட்டம் இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு வாரம் வேனில் பிரச்சாரம் போகும், அதில் அவள் குரல் வேண்டும் என்றார்.

"பத்து வரிதான்மா. நாங்களே எழுதிக் குடுத்துடறோம், நீ வாசிச்சா போதும். மாமனார்னும் பாக்காம மருமகளே பேசுதுன்னா, கட்சிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்? உன் வீட்டுக்காரனுக்கும் ஒரு தொந்தரவும் வராம நான் பாத்துக்கறேன்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு.

"தொண்டை சரியில்லண்ணே. ரெண்டு நாளா கட்டிக்கிட்டு இருக்கு."

"சரியாகட்டும். அவசரமில்ல," என்றார் அவர். அந்த அவசரமில்லையில் அவசரம் தெரிந்தது.

சொன்ன பொய் எப்பேர்ப்பட்ட பொய் என்பது மறுநாள் காலை மைக்கின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. தொண்டை கட்டியவள் நாள் முழுக்க ஊர் கேட்க எப்படிப் பேருந்து அறிவிப்பாள்? கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நகரச் செயலாளர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகிற மாதிரி பையெல்லாம் இல்லை. காலின் மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் குரலைத் தழைத்துக் கரகரப்பாக்கிப் பார்த்தாள். பாதியில் அது தானாகவே பழைய குரலுக்குப் போய்விட்டது. இருமினாள். இருமல் ஒலிபெருக்கியில் பேருந்து நிலையம் முழுக்க அதிர்ந்தது. நேரக்காப்பாளர் ஓடிவந்து, "என்னக்கா ஆச்சு? உடம்பு சரியில்லாதது உங்களுக்கா, மைக்குக்கா?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிளம்பப் போகும் வண்டியை மூன்றாம் நடைமேடைக்குப் பதில் இரண்டாம் நடைமேடை என்று சொல்லிவிட, பயணிகள் மூட்டையோடு அங்குமிங்கும் ஓடினார்கள். நிமிர்ந்து பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. அவர் எப்போது எழுந்து போனார் என்பது தெரியாததால் பயம் இன்னும் கூடியது.

அன்று மாலை மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்றார். அங்கே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வாஷர் மாற்ற வந்தவர்போல் கையில் திருப்புளியோடுதான் நின்றார்.

"என்ன கேட்டாங்கன்னு எனக்குத் தெரியும்மா. பேசிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நான் இன்னும் எத்தனை நாளைக்கு? நீங்க ரெண்டு பேரும் இந்த ஊர்லதான் இருந்தாகணும்."

"எனக்கு வராது மாமா."

"எழுதிக் குடுக்கறதைத்தானே வாசிப்பே? எப்பவும் அப்படித்தானே?"

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் குத்தியது. இத்தனை வருஷம் எழுதிக் கொடுத்ததை வாசித்தபோதெல்லாம் யாரோ ஒருவருடைய வீட்டிலும் இப்படி ஒரு சமையலறை இருந்திருக்கும். அந்த வாத்தியாரைக்கூட ஒரு தேர்தலில் அவள் கிழிகிழியென்று கிழித்திருக்கிறாள். பாத்திரத்தைக் கழுவினாள். அவர் வாஷரை மாற்றிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான்கைந்து நாள் யாரும் அவளைத் தேடி வரவில்லை. கேட்டு வந்தால்கூட ஒரு சாக்குச் சொல்லலாம். கேட்காமல் இருப்பதற்கு என்ன சாக்குச் சொல்வது? வேறு ஒரு பெண்ணை வைத்து அந்தப் பேச்சைப் பதிவுசெய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாமனார் வாசலில் நாற்காலி போட்டு முகம் மழித்துக்கொண்டிருந்தார். கணவன் உள்ளே இருந்தான். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தெருமுனையில் வேன் சத்தம் கேட்டது. பிறகு பேச்சு.

"நம்பி வாக்களித்த மக்களை நடுத்தெருவில் விட்ட துரோகி யார்? உங்கள் வீட்டுப் பிள்ளை, காயில் கடை அண்ணன், நமது மன்ற உறுப்பினர்!"

அவள் குரல். சந்தேகமே இல்லை. கையில் பிழிந்த துணி, வாய் மூடியிருக்கிறது, குரல் தெருவில் வந்துகொண்டிருக்கிறது. ஒரு கணம் தானே எப்போதாவது போய்ப் பேசிவிட்டு மறந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. இரண்டாம் முறை கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. துரோகி என்பது போன தேர்தலில் வாத்தியாரைப் பற்றிப் பேசியது. அன்று ஜலதோஷம், மூக்கால் பேசியிருக்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளை என்பது மாமனாருக்காக ஓட்டுக் கேட்டது. இரண்டையும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய இடம் அவள் காதுக்குத் தெரிந்தது. ஊர் காதுக்கு எப்படித் தெரியும்?

வேன் வீட்டைத் தாண்டிப் போயிற்று. மாமனார் பாதி மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னத்தில் நுரை. அவளைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்.

"தொண்டை சரியாயிடுச்சாம்மா?"

அவர் அதை நம்பிவிட்டார். தானே அனுமதி கொடுத்ததால் கோபமும் படவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"நான் பேசல மாமா. சத்தியமா நான் போகவே இல்ல. அது பழசு. வெட்டி ஒட்டியிருக்காங்க."

"சரிம்மா, சரி," என்றார் அவர். மருமகளுக்கு மேலும் சங்கடம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிற சரி. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

அவள் உள்ளே போனாள். கணவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வெளியே வந்து என்னவென்று பார்க்காததே சொல்லிவிட்டது. அந்தப் பழைய பதிவுகளெல்லாம் அவனுடைய பென்டிரைவில்தான் இருந்தன. தேர்தல் முடிந்ததும் பத்திரமாக எடுத்துவைத்ததே அவன்தான், பொண்டாட்டி பேச்சென்று.

"நீதான் குடுத்தியா?"

அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"நீ பேசலைன்னா நம்மள விட மாட்டோம்னு சொன்னாங்க. நீ வாயே தொறக்காம வேலை முடிஞ்சுதுன்னா உனக்கும் பாவம் இல்ல, நமக்கும் ஆபத்து இல்லன்னு நெனச்சேன். பயந்துட்டேன்."

"அவர் உன் அப்பா."

"தெரியும்."

அவளுக்குச் சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. குரல் எழவில்லை. இத்தனை நாள் பொய்யாகச் சொன்ன தொண்டைக்கட்டு நிஜமாகவே வந்துவிட்டதுபோல் இருந்தது. மாமனாரிடம் அவனே போய்ச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவன் தலையாட்டினான். அன்று போகவில்லை.

மறுநாள் வேலை முடிந்து கடைவீதி வழியாக வந்தாள். பேருந்து நிலையத்தில் ஒரு ஓட்டுநர், "மாமனாரையே விட்டுவைக்கலையேக்கா, கட்சின்னா இப்படி இருக்கணும்," என்று பாராட்டியிருந்தார். இன்னொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டும் ஒரே அளவு வலித்தது. மைக்கில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாள் முழுக்க நினைத்தாள். வண்டி அறிவிக்கிற மைக்கில் சொந்த விஷயம் பேசினால் சங்கம் அன்றே வெளியே அனுப்பிவிடும். கணவனுக்கு வேலை இல்லாத நேரம். மென்று விழுங்கிக்கொண்டு வண்டிகளை அறிவித்தாள்.

கடைவீதியில் பின்னால் வேன் வந்தது. ஒதுங்கி வழிவிட வேண்டியவள், ஏனென்று தெரியாமல் வேனின் பக்கத்திலேயே நடந்தாள். கடைவீதி நெரிசலில் அது அவள் நடைக்குத்தான் போயிற்று. மேலே ஒலிபெருக்கியில் அவள் குரல் துரோகி என்றது. கீழே அவள் வாயை மூடிக்கொண்டு, நிமிர்ந்து, எல்லோரையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். யாராவது கல்லெறிவார்களோ, கையைப் பிடித்து இழுப்பார்களோ என்று இருந்தது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. தையல் கடைக்காரர் ஒருவர்தான் நிமிர்ந்து பார்த்தார். வேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி வேனைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரரைத் தட்டிக் காட்டினார். ஒரு பெண் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். "அட, அக்கா இங்கதானே இருக்கு," என்று யாரோ சொன்னது கேட்டது. குரல் பதிவுசெய்ததாகவே இருந்தாலும், அதற்கு உரியவள் இப்படி முகத்தை வைத்துக்கொண்டு கூடவே நடப்பாளா என்ற கேள்வி கடை கடையாகப் போயிற்று.

வேன் ஓட்டுகிறவர் எத்தனையோ தேர்தலில் அவளை ஏற்றிக்கொண்டு சுற்றியவர். மணிக்கூண்டுப் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அக்கா, என்னக்கா இது? ஏறுங்க, வீட்ல விட்டுடறேன்."

அவள் தலையசைத்து மறுத்தாள்.

"நீங்க பேசலையாக்கா?"

"இல்ல."

அவர் ஒலிபெருக்கியை அணைத்தார். கடைவீதி சட்டென்று அமைதியானதுபோல் இருந்தது. யாரோ போன் போட்டிருக்க வேண்டும். நகரச் செயலாளர் ஸ்கூட்டரில் வந்து, ஏன் நிறுத்தினாய் என்று அதட்டினார். பேட்டரி போய்விட்டது என்றார் ஓட்டுநர். செயலாளர் அவள் பக்கம் திரும்பினார். சுற்றி ஆட்கள் நின்றதால் சிரித்த முகத்தோடுதான் பேசினார்.

"வீட்டுக்குப் போம்மா. இதெல்லாம் உனக்கு நல்லதில்ல."

அவள் வீட்டுக்குப் போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வாசலில் கணவனும் மாமனாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கணவனின் கண் சிவந்திருந்தது. சொல்லிவிட்டான் என்று புரிந்தது. மாமனார் எழுந்து வந்து, நேற்று அவள் சொன்னதை நம்பாததற்கு மன்னிக்கச் சொன்னார். அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை. போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அந்த வேன் மறுபடி அந்தப் பேச்சோடு வரவில்லை. ஆனாலும் கண்டனக் கூட்டம் நடந்தது. மாமனாரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். மைக் அக்காவின் பெயரையும் மகளிர் அணியிலிருந்து எடுத்தார்கள். கணக்கு வாத்தியாரை அவருடைய கட்சியும் விட்டுவைக்கவில்லை. கிழக்குக்கு விட்டுக்கொடுத்தவன் என்று அங்கே அவருக்கு வேறு பெயர். அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். மேற்கில் வடிகால் தோண்டி முடித்தார்கள். கிழக்கின் முறை வந்தபோது கையெழுத்துப் போட்டவர்களே பின்வாங்கினார்கள். கிழக்கில் இன்றும் கட்டில் செங்கல் மேல்தான் இருக்கிறது.

சங்கத்துக்கு அவள்மேல் மொட்டைக் கடுதாசி போயிற்று. விசாரித்தார்கள், ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தாலே அவளுக்கு வியர்க்கும். கணவன் பக்கத்து ஊர்களில் வேலை பிடித்துக்கொண்டான். இளைஞர் அணிப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அவனே எழுதிக் கொடுத்துவிட்டான். இருவருக்கும் இடையே சில மாதம் "சாப்பாடு வை", "கதவைச் சாத்து" அளவில்தான் பேச்சு. மாமனார்தான் நடுவில் உட்கார்ந்து, இருவருக்கும் பொதுவாக எதையாவது பேசிக்கொண்டிருப்பார். வாய் வராத மனிதர் அந்த வருஷம் பேசிய அளவுக்கு வாழ்க்கையில் பேசியதில்லை.

அவளிடம் ஒன்று மட்டும் மாறிப்போயிற்று. யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால் வாயை மூடிக்கொள்வாள். தெரிந்தவர் வீட்டு விழாவில் நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தபோது, எதிரே எழுந்த போன்களைப் பார்த்துவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பேருந்து எண்ணையும் நடைமேடையையும் வெட்டி ஒட்டினால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதால் அது மட்டும் தடையில்லாமல் வந்தது.

சமீபத்தில் கணவனின் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து வேறு ஊரில் படுத்திருந்தார். அவருக்குக் காது மந்தம், போனில் பேசினால் பாதி கேட்காது. குரலைப் பதிவுசெய்து அனுப்பினால் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொள்வார். மைக் அக்கா குரல் என்றால் அவருக்கு உயிர். கணவன் போனை அவள் முன்னால் நீட்டினான். "பெரியம்மா, எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை" என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்தான். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வேணாம். நேர்லயே போய்ச் சொல்லிக்கோ. நாளைக்கு லீவு போடறியா?"

போட்டாள். மாமனாரும் வருகிறேன் என்றார். காலை வண்டியில் மூவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது.